மேவிஸ் லோரிங்குக்காக நின்றவள்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நடுவிலிருந்த அந்தப் பெரிய துணிக்கடையில் கையுறைப் பிரிவில் மட்டும் பதினோரு பெண்கள். பத்துப் பேர் வாய் ஓயாமல் பேசுவார்கள், சிரிப்பார்கள், மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம் கேட்டால் கப்சிப் ஆவார்கள். பதினோராவது ஆள் வெர்னா ஹூபர். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கடைக்கு வந்த சீமாட்டிகள் முழங்கையை வெல்வெட் மெத்தையில் ஊன்றிக் கையை நீட்டினால், விரல் விரலாகக் கையுறையை ஏற்றிவிட்டு மெல்லப் புன்னகை செய்வாள். அதற்கு மேல் கிடையாது. யாராவது நல்ல வேடிக்கையாக ஒன்று சொல்ல ஆரம்பித்தால் போதும், பெட்டி எடுத்து வருகிறேன் என்று சரக்கறைக்குள் போய்விடுவாள்.

"பல்லு சரியில்லையோ என்னவோ" என்றாள் ஒருத்தி.

"சர்ச்காரி. சிரிச்சா நரகத்துக்குப் போயிடுவோம்னு நெனைப்பு" என்றாள் இன்னொருத்தி.

பல்லெல்லாம் முத்தாகத்தான் இருந்தது. சர்ச்சுக்கு அவள் வருஷத்தில் இரண்டு முறை போனாலே அதிகம். விஷயம் வேறு. அவள் வாயைத் திறந்து சிரித்தால் செத்துப்போன ஒருத்தியின் சிரிப்பு வரும். இதைக் கையுறைப் பிரிவில் போய் எப்படிச் சொல்வது?

வெர்னா நெப்ராஸ்காக்காரி. அப்பா தானியக் கிடங்கு பார்த்துக்கொண்டவர். அவளுக்கென்று பிறவியிலேயே ஒரு சிரிப்பு இருந்தது. சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும், கடைசியில் மூக்கு வழியாக ஒரு கனைப்பு வெளிப்படும். "வீட்டுக்குள்ள யாரு குதிரைக்குட்டிய விட்டது?" என்று அப்பா மேஜைக்கு அடியில் குனிந்து தேடுவார். அவள் இன்னும் கனைப்பாள். பத்தொன்பது வயதில் பஸ் ஏறி லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தாள். நடிகை ஆகத்தான் வந்தாள், பொய் சொல்வானேன். அந்த பஸ்ஸில் ஏறிய பெண்கள் வேறு எதற்கு வந்தார்கள்? நேரில் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தாள், ஆனால் கேமராவுக்கு அவளைப் பிடிக்கவில்லை. படத்தில் பார்த்தால் பாஸ்போர்ட் ஆபீசுக்கு வந்தவள் மாதிரி இருந்தாள். அதற்கு யாரைக் குறை சொல்ல முடியும்?

ஆனால் உயரம் ஐந்தடி ஐந்தரை அங்குலம். தலைமயிர் நல்ல சோள நிறம். அதே உயரம், அதே நிறம் மேவிஸ் லோரிங்குக்கு. அப்போது மேவிஸ் வேகமாக மேலே வந்துகொண்டிருந்த காதல் நகைச்சுவைப் பட நாயகி. படப்பிடிப்பில் விளக்குகளைச் சரி செய்ய ஒரு மணி, ஒன்றரை மணி ஆகும். அவ்வளவு நேரமும் நாயகி நிற்க வேண்டிய இடத்தில் யாராவது நிற்க வேண்டும். நாயகி நின்றால் மேக்கப் வழிந்துவிடும், கோபம் வந்துவிடும். ஆகவே அவள் உயரத்துக்கு ஒருத்தி, அவள் போலவே உடையணிந்து, தரையில் ஒட்டிய நாடாக் குறியில் கால் வைத்து அசையாமல் நிற்பாள். எல்லாம் சரியானதும் உதவி இயக்குநர் குரல் கொடுப்பார்: "வெர்னா, நீ நகரு. மேவிஸ் வரட்டும்." வெர்னா நகருவாள். மேவிஸ் வந்து அதே குறியில் நிற்பாள். கேமரா ஓடும்.

இப்படி ஒன்பது வருஷம், பதினோரு படம். நகரு நகரு என்று கேட்டே வெர்னாவின் இளமை போனது என்றாலும் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேவிஸை அவளுக்குப் பிடிக்கும். மேவிஸ் சோம்பேறி, வாயாடி, மனசு தங்கம். நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் வேர்த்து நிற்கிற வெர்னாவைப் பார்த்துச் சொல்வாள்: "உனக்குப் பாவமே பாக்க மாட்டேன்டி. நான் செத்தாக்கூட லைட் போடறதுக்கு நீதான் வந்து நிக்கணும்."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். முதலில் விக்கல் மாதிரி ஒரு சின்ன வெட்டு. பிறகு படியில் உருண்டுவிழும் பந்து போல மூன்று துள்ளல். ஒரு மூச்சு இழுப்பு. முடிந்தது என்று நினைக்கும்போது உச்சியில் மெல்லிசாக ஒரு கீச்சு. ஒன்பது வருஷம் பக்கத்தில் நின்ற வெர்னாவுக்கு அது அப்படியே மனப்பாடம். சாப்பாட்டு இடைவேளையில் ஆட்கள் கேட்டால் செய்து காட்டுவாள். மேவிஸ் மேஜையைத் தட்டி, "என்னோடதத் திருடறா பாருங்க இவ! போலீசக் கூப்பிடுங்க!" என்பாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள், ஒருத்தி பந்து துள்ளுவது போல, ஒருத்தி குதிரைக்குட்டி போல.

அப்போது வெர்னாவுக்கு இரண்டு சிரிப்பு இருந்தது. ஒன்று சொந்தம், ஒன்று இரவல்.

1953 மார்ச் மாதம் 'மூன்றாம் மாடி மணப்பெண்' படம் முடிய நான்கு நாள் பாக்கி. கல்யாணமானவர்களுக்கு மட்டும்தான் வீடு என்று அடம் பிடிக்கிற வீட்டுக்காரியிடம், எனக்குப் புருஷன் இருக்கிறான் என்று ஒரு பெண் புளுகிவிடுகிறாள். கீழ்மாடியில் இருக்கிறவன் புருஷனாக நடிக்க ஒப்புக்கொள்கிறான். அப்புறம் என்ன, சண்டை, சமாதானம், திரும்பச் சண்டை. அந்த மாதிரிப் படம். சனிக்கிழமை மத்தியானம் படப்பிடிப்புத் தளத்தின் மூலையிலிருந்த போனில் மேவிஸுக்கு அழைப்பு வந்தது. அவள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் வருவாளா மாட்டாளா என்பதுதான் பேச்சு. வெர்னா நாடாக் குறியில் நின்றுகொண்டிருந்தாள், மேவிஸ் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"அம்மா, இந்த வாரம் முடியாதும்மா... நாலாவது வாரம்னா என்ன இப்ப?... சரி, அப்படியே வச்சுக்கோ. வரல."

போனை வைத்துவிட்டு மேவிஸ் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, படுதாவில் வரைந்த நியூயார்க்தான் இருந்தது. அழுதாளா என்றால் வெர்னாவுக்குத் தெரியாது, முதுகுதான் தெரிந்தது. "நீயே நில்லுடி, தலைய வலிக்குது" என்று சொல்லிவிட்டு மேவிஸ் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரைச் சாலையில் ஒரு வளைவில் அவள் கார் கீழே போனது. அவள் அம்மா வீடு இருந்தது அதற்கு நேர் எதிர்த்திசையில்.

புதன்கிழமை அடக்கம் நடந்தது. வியாழக்கிழமை படப்பிடிப்பு தொடங்கியது. இதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். நூற்றிருபது பேர் வேலை அது. இயக்குநர் ஹாலோரன் கெட்ட மனிதர் இல்லை, மூன்று நாளாகத் தூங்காத மனிதர். மேவிஸின் மிச்சக் காட்சிகளை முதுகுப் பக்கமாகவும், முகத்தை மறைக்கிற தொப்பி வலையோடும் வெர்னாவை வைத்து எடுத்தார். அவள் வழக்கம் போல் நாடாக் குறியில் போய் நின்றாள். விளக்குகள் சரியாயின. தளத்தில் எல்லோரும் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள். உதவி இயக்குநர் வாயைத் திறந்தார். "வெர்னா, நீ நக..." என்று வந்ததை விழுங்கிக்கொண்டார். கேமரா அவள் மேலேயே ஓடியது.

கடைசிக் காட்சிதான் சிக்கல். எழுதியிருந்தபடி நாயகி கதவைத் திறந்து, அவனைப் பார்த்து, சிரித்து மன்னிக்க வேண்டும். முகம் இல்லாமல் எப்படி? ஹாலோரன் கதவைச் சாத்திவிட்டார். நாயகன் மூன்று மாடி ஏறி வந்து, சாத்திய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்" என்கிறான். கதவு திறக்காது. ஆனால் உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் வரும். அதோடு படம் முடியும்.

அந்தச் சிரிப்பை ஒலிப்பதிவு அறையில் எடுத்தார்கள். அந்தக் காட்சி இருந்த பிலிம் துண்டின் இரண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார்கள். திரையில் கதவு, அவன் வருகிறான், உட்காருகிறான், மறுபடியும் கதவு, அவன் வருகிறான், உட்காருகிறான். இருட்டில் ஒலிவாங்கி முன்னால் வெர்னா. கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் ஆரின். அவன் ஆறு மாதமாக அவளைச் சுற்றி வந்துகொண்டிருந்தவன், நல்ல பையன், கல்யாணம் என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றிருந்தது.

இருபத்தாறு தடவை சிரித்தாள். எல்லாம் சரியாக இருந்தது, எதுவும் உருப்படியாக இல்லை. "வேடிக்கை காட்டற மாதிரி இருக்கு, வெர்னா" என்றார் ஹாலோரன் சலிப்போடு. அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். சாத்திய கதவு. நான் செத்தாக்கூட நீதான் வந்து நிக்கணும் என்றது ஞாபகம் வந்தது. இருபத்தேழாவது தடவை சிரிப்பு அவள் கேட்காமலே வந்தது. விக்கல், மூன்று துள்ளல், மூச்சு, கீச்சு. அறையில் இருந்தவர்கள் தலை திருப்பி வாசலைப் பார்த்தார்கள், மேவிஸ் வந்துவிட்டாளோ என்று. வெர்னாவும் பார்த்தாள்.

அன்றைக்குத் தொடங்கிய வினை. அடுத்த வாரம் எதிர்த்த காபிக்கடையில் பரிமாறுகிற பெண் ஏதோ சொல்ல, வெர்னா சிரித்தாள். தோள் குலுங்கவில்லை. விக்கல், மூன்று துள்ளல், மூச்சு, கீச்சு. பக்கத்து மேஜையில் இருந்த விளக்குக்காரர் முட்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். வெர்னா கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் தன் பழைய சிரிப்பை வரவழைக்கப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள், தோளைக் குலுக்கினாள். எங்கே போய் ஒளிந்துகொண்டதோ, வரவேயில்லை. வந்தது மேவிஸ்தான்.

ஆரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் அழைத்துப் போனான். ஆரஞ்சுத் தோப்பு ஓரமாக நிறுத்தி, தன் அத்தை ஒருத்தி கல்யாணத்தில் வழுக்கிக் கேக்கின் மேல் விழுந்த கதையைச் சொன்னான். வெர்னா அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்து முடித்தபோது ஆரின் முகத்தில் ரத்தமே இல்லை.

"வெர்னா, நான் அந்தச் சிரிப்ப நூறு தடவை ஓட்டிக் கேட்டவன். என்னால... ராத்திரி பக்கத்துல படுத்திருக்கறப்ப அது வந்துச்சுன்னா?"

"வராது. நான் சிரிக்கவே மாட்டேன், ஆரின்."

"அது ஒரு வாழ்க்கையா?" என்றான் அவன்.

அது ஒரு வாழ்க்கைதான் என்று பிற்பாடு தெரிந்தது. ஆரின் சான் டியேகோவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையைக் கட்டிக்கொண்டான். தளங்களில் வெர்னாவைக் கூப்பிடுவதும் நின்றுபோனது. ராசியில்லாதவள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, விளக்குக்காரர்கள் மட்டும் அவள் வந்தால் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவள் கையுறை விற்கப் போனாள்.

ஆனால் இதெல்லாம் அவள் ஒருத்தியோடு போகிற கஷ்டம். இன்னொன்று இருந்தது.

ஆகஸ்ட் மாதம் பாசடேனாவில் ஒரு தியேட்டரில் படத்தை முதலில் போட்டுப் பார்த்தார்கள். மேவிஸின் அம்மா மிஸஸ் லோரிங் இரண்டாவது வரிசையில் கறுப்புத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். படம் முழுக்க அசையவில்லை. கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சிரிப்பு வந்ததும் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் 'உக்காருங்க' என்று சொல்லவில்லை. விளக்கு போட்டதும் நேராக ஹாலோரனிடம் வந்தார்.

"அந்தச் சிரிப்பு எப்ப எடுத்தது?"

ஹாலோரன் பக்கத்தில் நின்ற வெர்னாவைப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமைங்க. சாயங்காலம்."

"சாயங்காலம்னா? நான் போன் பண்ணதுக்கு அப்புறமா?"

"ஆமாங்க. அதுக்கப்புறம்தான்."

மிஸஸ் லோரிங் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் அவகிட்ட, இனி நீ இந்த வீட்டுக்கு வரவே வேணாம்னு சொல்லிட்டுப் போனை வச்சேன். அழுதுகிட்டே காரை ஓட்டிருப்பாளோன்னு அஞ்சு மாசமா..." என்றார். பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். "சிரிச்சிருக்கா பாருங்க. நான் கத்தினதுக்கப்புறம்கூட சிரிச்சிருக்கா. அவளுக்கு என் மேல கோவமே இல்ல."

அந்த நிமிஷம் வெர்னா வாயைத் திறந்திருக்கலாம். திறந்து என்னவென்று சொல்வது? உங்கள் மகள் சிரிக்கவில்லை, தலைவலி என்று போய்விட்டாள், சிரித்தது நான் என்றா? அந்த அம்மாள் ஐந்து மாதம் கழித்து அன்றைக்குத்தான் மூச்சு விட்டார். வெர்னா வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய் மூடியதுதான்.

மிஸஸ் லோரிங் அவள் கையைப் பிடித்தார். "நீதான வெர்னா? எம்பொண்ணு கூடவே நின்னவ. ஞாயித்துக்கிழமை சாப்பிட வா, கண்ணு. சமைச்சுச் சமைச்சு மிச்சமாகுது."

போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. க்ளெண்டேலில் எலுமிச்சை மரம் நின்ற சின்ன வீடு. மாட்டிறைச்சி ரோஸ்ட், வேகவைத்த காரட், பிறகு எலுமிச்சைக் கேக். மேவிஸின் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷம் மேவிஸுக்காக நின்றவள், இனி அவளுக்காக உட்கார்ந்தாள்.

ஆரின் ஊரை விட்டுப் போவதற்கு முன், அந்த அம்மாள் கேட்டார் என்று அந்தச் சிரிப்பை மட்டும் ஒரு இசைத்தட்டில் பதிந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பாவம் பார்த்துச் செய்தான். சாப்பாடு முடிந்ததும் மிஸஸ் லோரிங் கிராமபோனில் அதை வைப்பார். விக்கல், மூன்று துள்ளல், மூச்சு, கீச்சு. எட்டு விநாடி. வெர்னா கைக்குட்டையை மடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். தன் தொண்டையிலிருந்து வந்தது, தன்னுடையது இல்லை. சில ஞாயிறுகளில் அந்தத் தட்டு சுழலும்போது பின்கழுத்தில் தளத்து விளக்கின் சூடு படுவது போலிருக்கும். திரும்பிப் பார்த்தால் எலுமிச்சை மரம்தான் நிற்கும்.

ஆகவே அந்த வீட்டில் அவள் எதற்கும் சிரிக்கவில்லை. ரேடியோவில் கேலி நிகழ்ச்சி ஓடும், எதிர்வீட்டு நாய் பாதிரியாரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடும், மிஸஸ் லோரிங் வயிறு குலுங்கச் சிரிப்பார். வெர்னா உள்கன்னத்தைக் கடித்துக்கொள்வாள், சில நாள் ரத்தம் வரும். ஒரு தடவை சிரித்தால் போதும், அந்த அம்மாளின் தலையில் மறுபடியும் அந்தச் சனிக்கிழமை இடியாக விழும்.

"உன்ன மாதிரி சிடுமூஞ்சிய நான் பாத்ததே இல்ல" என்பார் மிஸஸ் லோரிங். "எம்பொண்ணு எப்படிடி உன்கூடக் குப்பை கொட்டினா?"

"அவ பேசுவா, நான் கேப்பேங்க."

"அதுவும் சரிதான். அவளுக்குக் கேக்கறதுக்கு ஆள் வேணும்."

இப்படி எட்டு வருஷம் ஓடியது. அந்த மாதிரி தனியாகப் பதிகிற தட்டு கடையில் வாங்குவது போல் இல்லை, ஒவ்வொரு தடவை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் தேயும். முதலில் கீச்சு போனது. பிறகு மூச்சு இழுப்பு. 1960 முடிவதற்குள் உஸ் என்ற இரைச்சல்தான் மிச்சம், அதற்குள் எங்கேயோ ஒரு துள்ளல் கேட்கிற மாதிரி இருக்கும். மிஸஸ் லோரிங் காதைக் கிராமபோனுக்கு அருகில் வைத்துக் கேட்பார். அவருக்கு அப்போது இதயம் பலவீனம், டாக்டர் படியேறக் கூடாது என்றிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"மறந்துபோச்சு வெர்னா" என்றார் ஒரு நாள். "அது எப்படி முடியும்னு எனக்கு மறந்துபோச்சு. நேத்து முழுக்க யோசிச்சேன். சிரிச்சாளா, இல்ல நானாவே நெனச்சுக்கிட்டேனா?"

"சிரிச்சாங்க. நானும் கேட்டேனே."

"நீ சொல்றே. நீ நல்ல பொண்ணு, எதுக்கும் சரின்னுதான் சொல்லுவே."

பிப்ரவரியில் பேப்பரில் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தொலைக்காட்சியில் 'மூன்றாம் மாடி மணப்பெண்'. பழைய படங்களை அப்போதுதான் நிலையங்கள் மொத்தமாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தன. மிஸஸ் லோரிங் அந்தத் துண்டைக் கத்தரித்துக் குளிர்பெட்டியில் ஒட்டினார். வெர்னா கடையில் அரைநாள் விடுப்புக் கேட்டாள். மேற்பார்வையாளர் ஏன் என்றார். "சினிமா பாக்க" என்றாள், பத்துப் பேரும் வாயைப் பிளந்தார்கள்.

மிஸஸ் லோரிங் ஞாயிற்றுக்கிழமைக் கவுனும் முத்துமாலையும் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். படம் ஆரம்பித்தது. கால்மணிக்கு ஒரு தடவை சோப்பு விளம்பரம், பழைய கார் விற்கிறவர் விளம்பரம். சின்னச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் மேவிஸ் புளுகினாள், முறைத்தாள், தட்டை உடைத்தாள். மிஸஸ் லோரிங் அவளோடு பேசிக்கொண்டே வந்தார். "சொல்லுடி, இப்பவாவது உண்மையச் சொல்லு." பிற்பகுதியில் முதுகு காட்டிய காட்சிகள் வந்தபோது வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். தன் தோள், தன் கழுத்து. எட்டு வருஷத்துக்கு முன்னால் தளத்தில் எல்லோரும் கேட்கக் காத்திருந்த அந்த வார்த்தை காதில் ஒலித்தது.

கடைசிக் காட்சி. நாயகன் மூன்று மாடி ஏறினான். மிஸஸ் லோரிங் வெர்னாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவன் தரையில் உட்கார்ந்தான். "நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்" என்றான். சாத்திய கதவு.

பளிச்சென்று பழைய கார்க்காரர் வந்து தொப்பியைக் கழற்றினார். ஓடுகிற கண்டிஷன், ஒரே ஒருத்தர் ஓட்டிய வண்டி என்றார்.

நிலையத்தில் கத்திரி வைத்திருக்கிறவனுக்கு நேரம் மிச்சப்பட வேண்டும். சாத்திய கதவு பத்து விநாடி சும்மா நிற்கிறது, அதை வெட்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று வெட்டியிருக்கிறான். படம் ஓடுவதைப் பார்த்திருப்பான், காதில் போட்டுக் கேட்டிருக்க மாட்டான்.

"சிரிப்பு எங்க?" என்றார் மிஸஸ் லோரிங்.

விளம்பரம் முடிந்து வேறு நிகழ்ச்சி தொடங்கியது.

"வெர்னா, சிரிப்பு எங்க? கதவு சாத்திருந்துச்சு, அவன் உக்காந்தான், அப்புறம் ஒண்ணுமில்ல. அப்ப அவ சிரிக்கவே இல்லையா?" மூச்சு மேலும் கீழும் வாங்கியது. "நானாத்தான் நெனச்சுக்கிட்டேனா? எட்டு வருஷமா ஒண்ணுமில்லாததையா கேட்டுக்கிட்டிருந்தேன்? அழுதுகிட்டேதான் போனாளா?"

வெர்னா மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள், கையுறையைக் கழற்றுவது போல. "தண்ணி கொண்டுவர்றேங்க" என்று எழுந்தாள். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

எட்டு வருஷம் எதை வரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ, அதை வா என்றாள். வரவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வேண்டாத நேரத்தில் எல்லாம் வந்து மானத்தை வாங்கியது இப்போது பதுங்கிக்கொண்டது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகை வந்தது. கதவுக்கு அந்தப்பக்கம் அந்த அம்மாளின் மூச்சு இரைவது கேட்டது.

கீழே பார்த்தாள். கட்டம் போட்ட தரைவிரிப்பில் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டுகிற இடத்தில் அவள் கால்கள் இரண்டும் சேர்ந்து நின்றிருந்தன. யாரும் சொல்லாமலே குறி பார்த்து நின்றிருக்கிறாள். நான் செத்தாக்கூட நீதான் வந்து நிக்கணும்டி. நிற்கிறேன் பார், சோம்பேறி, எட்டு வருஷமாக நின்றுகொண்டுதானே இருக்கிறேன்.

விக்கல் வந்தது. மூன்று துள்ளல். மூச்சு. சமையலறை ஓடுகளில் பட்டுத் திரும்பிய அந்தக் கீச்சு.

வெளியே தொலைக்காட்சியை யாரோ அணைத்தார்கள். வீட்டில் யாரோ என்று வேறு யார் இருக்கிறார்கள்? செருப்பு தரையில் இழுபடுகிற சத்தம் மெல்ல வந்து கதவுக்கு அந்தப்பக்கம் நின்றது. கைப்பிடி அசையவில்லை.

"எனக்குக் காது நல்லா இருக்கு, வெர்னா" என்றது மிஸஸ் லோரிங்கின் குரல், சாத்திய கதவுக்கு வெளியேயிருந்து. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தச் சனிக்கிழமை அவ சிரிச்சாளா?"

வெர்னா நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். "சிரிச்சாங்க" என்றாள்.

நாற்காலி ஒன்று இழுபட்டது. அந்த அம்மாள் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்க மாட்டேன், கண்ணு. நீ கதவைத் திறக்க வேணாம். இன்னொரு தடவை வரட்டும்."

வந்தது. அதற்கப்புறமும் வந்தது. ஜன்னலில் எலுமிச்சை மரத்தின் நிழல் நீண்டு, தரைவிரிப்பின் கோடுகள் மங்கிப் போகிற வரைக்கும், அந்தக் குறியில் கால் வைத்து வெர்னா நின்றாள். நீ நகரு, மேவிஸ் வரட்டும் என்று யாரும் சொல்லவில்லை.